முன் சீட்டுக்கு அடியில்

என் வேனில் ஆயில் அளவு பார்க்க வேண்டுமென்றால் முதலில் லீடரக்காவை இறங்கச் சொல்ல வேண்டும். எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிற பழைய மாடல் அது. டிரைவருக்குப் பக்கத்து சீட்டு அவருடையது. மாஸ்கிங் லைனுக்கு அவர் லீடர் என்பதால் யாரும் சொல்லாமலே அந்த இடம் அவருக்கென்று ஆகிவிட்டது. பின்னால் ஆறு பெண்கள். ஏழு பேரையும் கெலமங்கலத்திலிருந்து ஓசூர் சிப்காட்டில் இருக்கும் கம்பெனியில் கொண்டுபோய் இறக்கி, ஷிஃப்ட் முடிந்ததும் திரும்ப ஏற்றிவருவது என் பிழைப்பு. ஒரு வாரம் காலை ஷிஃப்ட், ஒரு வாரம் மதிய ஷிஃப்ட்.

நானும் அதே கம்பெனியில், அதே மாஸ்கிங் டேபிளில் ஆறு வருஷம் நின்றவள்தான். வேலை என்னவென்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். அலுமினியப் பாகங்களுக்குப் பவுடர் பெயின்ட் அடிப்பதற்கு முன், மரை போட்ட ஓட்டைகளில் பெயின்ட் போய்விடாமல் ஒவ்வொன்றிலும் ஒரு ரப்பர் பிளக்கைச் செருக வேண்டும். ஓவனிலிருந்து வெளியே வந்ததும் பிடுங்க வேண்டும். ஒரு பிளக்கைப் பிடுங்க மறந்து பாகம் கஸ்டமருக்குப் போய்விட்டால், அங்கே போல்ட் ஏறாது. கொலைக் குற்றத்துக்குக்கூட அவ்வளவு விசாரணை நடக்காது. அதனால் ஒவ்வொரு டேபிளிலும் ஒரு பலகை உண்டு. பலகை முழுக்கக் குழிகள். ஷிஃப்ட் முடியும்போது எல்லாக் குழியிலும் பிளக் இருக்க வேண்டும். ஒரு குழி காலியாக இருந்தால் யாரும் வீட்டுக்குப் போக முடியாது.

ஆறு வருஷம் ஓட்டையை அடைத்து, திறந்து, கால் வீங்கி, போதுமடா சாமி என்று ஒரு ரோஜாப்பூ வியாபாரியிடமிருந்து இந்த வேனை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். விடுதலை என்று நினைத்தேன். ஏழு பேருடைய பஞ்சிங் நேரத்துக்குள் என்னை நானே கட்டிப்போட்டுக்கொண்டேன் என்பது புரிய அதிக நாள் ஆகவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் ஏழு பேருக்கு லேட். வண்டியை மெக்கானிக்கிடம் விட வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அதிலும் ஓவர்டைம் போட்டுவிட்டால் அதுவும் இல்லை.

அந்த ஆறு பேரில் கடைசி சீட்டில் உட்காருகிறவள் தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். இருபத்திரண்டு வயது இருக்கும். அவளும் புருஷனும் வாடகை குறைவு என்று கெலமங்கலத்தில் ஒற்றை அறையில் இருந்தார்கள். டிரெயினியாகச் சேர்ந்து இரண்டு வருஷம் முடியப்போகிறது. பெர்மனென்ட் ஆர்டர் வர மூன்று மாதம் இருந்தது. அப்போதுதான் அவள் வயிற்றில் பிள்ளை. கர்ப்பமான டிரெயினியை வேண்டாம் என்று கம்பெனியில் யாரும் எழுதி வைத்ததில்லை. ஆனால் அப்படி இரண்டு பேருக்கு ஆர்டர் வராமலே போனதை நான் டேபிளில் நின்ற காலத்திலேயே பார்த்திருக்கிறேன். காரணம் கேட்டால் வேறு காரணம் சொல்வார்கள். அதனால் அவள் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் அவளாகச் சொல்லவில்லை. ஒருநாள் மத்திகிரி தாண்டும்போது சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தாள். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். நானும் ஒன்று பெற்றவள்தானே.

எல்லோரையும் கேட்டில் இறக்கிவிட்ட பிறகு அவளை மட்டும் நிறுத்திக் கேட்டேன்.

"யக்கா, யார்ட்டயும் சொல்லிராதீய. இந்த வண்டிக்குள்ள அடிக்க ஆயில் நாத்தம்தான் கொமட்டுது. மத்தபடி நா நல்லாத்தான் இருக்கேன். ஆர்டர் கைக்கு வந்துட்டுன்னா நானே சொல்லிருவேன்."

நாற்றம் என்னவோ உண்மை. எஞ்சினுக்குள் சேரும் புகையை வெளியே விட, மேல் மூடியிலிருந்து ஏர் ஃபில்டருக்கு விரல் தடிமனில் ஒரு ரப்பர் குழாய் போகிறது. அது வெடித்திருந்தது. புகை முழுவதும் சீட்டுக்கு அடியிலேயே கசிந்து உள்ளே வந்தது. கடையில் கேட்டதற்கு, இந்த மாடலுக்குக் குழாய் இப்போது வருவதில்லை, பெங்களூரிலிருந்து வரவழைக்க வேண்டும், ரெண்டு நாள் ஆகும் என்றார்கள்.

மறுநாள் ஷிஃப்ட் முடிந்து ஏறும்போது அவள் என் கையில் எதையோ வைத்து அழுத்தினாள். விரித்துப் பார்த்தால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மாஸ்கிங் பிளக். "இத வச்சு அடச்சிப் பாருங்கக்கா. ரெண்டு நாளைக்குத்தான" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதானே. குழாயின் வெடித்த நுனியை வெட்டி எறிந்தேன். மீதிக் குழாய்க்குள் பிளக்கைத் திணித்து, நுனியைப் பழையபடி ஏர் ஃபில்டரில் மாட்டி டேப் சுற்றினேன். அளவெடுத்துச் செய்தது மாதிரி உட்கார்ந்தது. வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. நாற்றம் அன்றோடு நின்றது. அவள் வாந்தியும் நின்றது. பெங்களூர்க் குழாயை நான் மறந்துபோனேன்.

அந்த ஒரு பிளக்குக்காகக் கம்பெனியில் என்ன நடந்தது என்பதை அடுத்த மூன்று நாளில் வண்டியிலேயே கேட்டேன். ஷிஃப்ட் முடிவில் எண்ணிக் கணக்குக் கொடுத்த பிறகுதான் அவள் அதை எடுத்திருக்கிறாள்; மறுநாள் பார்த்தால் பலகையில் ஒரு குழி காலி. எந்த ஷிஃப்டில் போனது என்று தெரியவில்லை. பாகத்தோடு போயிருக்குமோ என்று பயந்து, கட்டி வைத்த பெட்டிகளையெல்லாம் பிரித்து, ஒவ்வொரு ஓட்டையிலும் டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு நாள். லைன் முழுக்க நின்றது. கடைசிவரை கிடைக்காததால் லீடரக்காவுக்கு மெமோ கொடுத்துவிட்டார்கள். பதினான்கு வருஷத்தில் அவர் வாங்கிய முதல் மெமோ.

"எவளோ வெளையாட்டுக்கு எடுத்துட்டுப் போயிருக்கா. எங் கையில மாட்டட்டும்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர் உட்கார்ந்திருந்த சீட்டுக்கு ஒரு சாண் கீழே அது இருந்தது. எனக்கு ஸ்டியரிங் வழுக்கியது. கண்ணாடியில் அந்தப் பெண் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டதைப் பார்த்தேன். சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது. "எந்தப் பாவி எடுத்தாளோ, அவ கை வெளங்காதுக்கா" என்றேன். அடுத்த நாளும் பேச்சு அதைப் பற்றியே வந்தது. அன்றைக்கும் சேர்ந்து திட்டினேன், இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே. பிளக்கை எடுத்து ஏரியில் வீசிவிடலாமா என்று ஒருமுறை யோசித்தேன். தொடவே பயமாக இருந்தது. இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், சீட்டுக்கடியில் யார் தேடப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஆயில் ஒழுக ஆரம்பித்தது.

முதலில் கவனித்தது கேட் செக்யூரிட்டிதான். உள்ளே நிற்கும் ஒவ்வொரு வண்டிக்கு அடியிலும் ஒரு அட்டையைப் போட்டு வைப்பார்கள். அட்டையில் சொட்டு விழுந்தால் அந்த வண்டி உள்ளே வரக்கூடாது. மதில் ஓரம் வெயிலில் நிற்க வேண்டும். என் அட்டையில் சொட்டு இல்லை, குளமே இருந்தது.

ராயக்கோட்டை ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பாயிடம்தான் வண்டியை எப்போதும் விடுவேன். பேச்சு குறைவு, கை சுத்தம். மேல் மூடியின் பேக்கிங் போயிருக்கிறது என்று பார்த்துவிட்டு மாற்றினார். நாலு நாள் நன்றாக இருந்தது. ஐந்தாம் நாள் முன்பக்கம் வேறு இடத்தில் வழிந்தது. இந்த முறை எஞ்சின் முழுவதையும் மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவி, துடைத்துக் காயவைத்து, மேலே முகத்துக்குப் போடுகிற பவுடரைத் தூவிவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொன்னார். எந்த இடத்தில் பவுடர் நனைகிறதோ அதுதான் ஒழுகுகிற இடமாம். குழந்தைக்குத் திருஷ்டி கழிக்கிற மாதிரி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சீல் நனைந்தது. மாற்றினார். அடுத்த ஞாயிறு அதற்குப் பின்னால் இருந்த சீல் நனைந்தது. ஒரு பக்கம் அடைத்தால் இன்னொரு பக்கம் வந்தது.

ஒவ்வொரு முறையும் அவர் ஒரே கேள்வியைக் கேட்டார். "யாரனா கை வச்சாங்களாம்மா? வேற எங்கியாச்சும் விட்டீங்களா?"

"இல்ல பாய்" என்றேன், மூன்று முறையும். பொய் என்று தெரிந்துதான் சொன்னேன். ஆனால் அல்லா மேல் ஆணையாக, மாரியம்மன் மேல் ஆணையாக, அந்தப் பிளக்குக்கும் இந்த ஒழுகலுக்கும் சம்பந்தம் இருக்குமென்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றாதது மட்டுமல்ல, மூன்றாவது முறை அவரிடம் கத்தினேன். "உங்க கை முன்ன மாதிரி இல்ல பாய். பேக்கிங் போடத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க." அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். ஸ்டாண்டில் மற்ற வண்டிக்காரர்களிடமும் அதையே சொல்லி வைத்தேன்.

அதற்கடுத்த வாரம் மதிய ஷிஃப்ட். ஓசூருக்குள் நுழையும் முன், ரோடு குறுகும் இடத்தில் வண்டிகள் நின்றுவிட்டன. முன்னால் கர்நாடகா நம்பர் கன்டெய்னர் லாரி. பின்னால் தக்காளி ஏற்றிய மினி லாரி. இடது பக்கம் சாக்கடை, வலது பக்கம் எதிரே வரும் வண்டிகள். வெயில் மண்டையைப் பிளந்தது. இரண்டு மணிக்கு ஷிஃப்ட். இரண்டு பத்துக்குக் கேட் மூடிவிடுவார்கள், அதற்குமேல் போனால் அரைநாள் லீவு. அப்போது மணி ஒன்று இருபது. லீடரக்கா திடீரென்று காலை மேலே தூக்கினார். சீட்டுக்கு அடியிலிருந்து புகை வந்தது. டேஷ்போர்டில் ஆயில் எச்சரிக்கை விளக்கு சிவப்பாக எரிந்தது. இறங்கவும் இடமில்லை, நகரவும் இடமில்லை. எட்டுப் பெண்கள் ஒரு தகர டப்பாவுக்குள் இருமிக்கொண்டிருந்தோம். எஞ்சினை அணைத்துவிட்டு, செத்தோம் என்று நினைத்தேன்.

கன்டெய்னர் டிரைவர் தலையை நீட்டிப் பார்த்து, "சைடுக்கு ஹாக்கம்மா" என்று ஓரம் கட்டச் சொல்லிக் கன்னடத்தில் கத்தினார். அவர் லாரி நகர்ந்து இடம் கிடைத்ததும் பெண்கள் இறங்கி, சற்று முன்னால் ஒரு மரத்தடி ஓரத்துக்குத் தள்ளினார்கள். கடைசி சீட்டுக்காரியும் தள்ள வந்தாள். நான் ஸ்டியரிங்கில் இருந்தபடியே, "நீ போய் நெழல்ல நில்லு" என்று அதட்டினேன். லீடரக்கா என்னையும் அவளையும் ஒருமுறை பார்த்தார்.

வேறு வழியில்லாமல் பாய்க்குத்தான் போன் போட்டேன். அவ்வளவு பேசியிருந்தும் மனுஷன் பத்து நிமிஷத்தில் பைக்கில் வந்து நின்றார். முன் சீட்டைத் தூக்கினார். ஆயில் கேஜ் குச்சி தானாகவே வெளியே துள்ளிக் கிடந்தது. வழிந்த எண்ணெயெல்லாம் சூடான சைலன்சர் பைப்பில் பட்டுப் புகைந்திருக்கிறது. கொண்டுவந்த ஆயிலை ஊற்றிவிட்டு, ஸ்டார்ட் செய்யச் சொல்லி, ஆயில் ஊற்றும் மூடிமேல் உள்ளங்கையை வைத்தார். கையைத் தூக்கித் தள்ளியது. புஸ் என்று சத்தம்.

"ஒழுகறது இல்லம்மா இது" என்றார் மெதுவாக. "உள்ள சேர்ற காத்துக்குப் போவ வழியில்ல. அதான் எந்த எடம் எளப்பமோ அங்கல்லாம் முட்டிக்கிட்டு வருது. நா சீலு சீலா மாத்திக்கிட்டு இருந்திருக்கேன்."

எனக்கு அந்த நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். அவர் கை அந்தக் குழாய்ப் பக்கம் போனது. லீடரக்கா பையைக் கையில் பிடித்தபடி பக்கத்திலேயே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்களும் சுற்றி நின்றார்கள்.

"அத விடுங்க பாய். நேரமாச்சு. இருக்கற வரைக்கும் ஓட்டிக்கறேன்."

"இரும்மா" என்றார். மூன்று வாரமாகச் சீல் மாற்றி, பழியும் சுமந்த மனுஷன். அவர் விடுவாரா. குழாயைப் பிடுங்கி விரலால் அழுத்திக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. பிளேடால் கீறினார். எண்ணெயில் ஊறிய பிளக் அவர் உள்ளங்கையில் விழுந்தது. கறுத்திருந்தாலும் ஆரஞ்சு ஆரஞ்சுதான்.

உலகத்தில் வேறு யார் பார்த்திருந்தாலும் அது ஒரு ரப்பர் துண்டு. அங்கே நின்ற ஏழு பேரும் அதைத் தினம் ஆயிரம் தடவை தொடுகிறவர்கள். 

"எவன் வச்சான் இத?" என்றார் பாய். "இன்னும் ஒரு வாரம் போயிருந்தா எஞ்சினே போயிருக்கும்."

"நாந்தான் பாய்."

"மூணு வாட்டி கேட்டனேம்மா" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

லீடரக்கா கையை நீட்டி அவரிடமிருந்து அதை வாங்கிக்கொண்டார். நான் முந்திக்கொண்டேன். "நான் வேலைய விட்டப்போ எடுத்துட்டு வந்ததுக்கா. வீட்ல கெடந்துச்சு."

"ஒங் காலத்துல செவப்பு" என்றார். "ஆரஞ்சு வந்து ஒரு வருசந்தான் ஆவுது." பிறகு ஒவ்வொருத்தராகப் பார்த்தார். மர நிழலில் நின்றவள் ஒரு கையால் வாயைப் பொத்தி, இன்னொரு கையை வயிற்றின்மேல் வைத்திருந்தாள். அவர் பார்வை அங்கே நின்றது. மூன்று பெற்றவர் அவர். பிளக்கை மூடிய கைக்குள் வைத்துக்கொண்டு, "மணி ஒன்னு அம்பது" என்றார்.

பாய் தன் பையிலிருந்த வேறொரு ரப்பர் குழாயை வெட்டி மாட்டி, அதன் வாய் வண்டிக்கு அடியில் வெளியே பார்க்கும்படி கட்டிவிட்டார். இனி நாற்றமும் உள்ளே வராது என்றார். ஐந்து நிமிஷ வேலை. அவர் முதல்முறை கேட்ட அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும்.

சிப்காட் வரை லீடரக்கா மூடிய கையை மடியில் வைத்து நேராகப் பார்த்துக்கொண்டு வந்தார். எனக்குக் கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. அந்தப் பிளக்கை ஆபீசில் கொண்டுபோய் வைத்தால் அவர் மெமோ ரத்தாகும். பிளக் பாகத்தோடு கஸ்டமருக்குப் போகவில்லை என்று ஆகிவிடும். அந்த வருஷம் சூப்பர்வைசர் போஸ்டுக்கு அவர் பேர்தான் முதலில் இருந்தது. மெமோ இருந்தால் கிடைக்காது. வைத்தால் அந்தப் பெண்ணுக்கு ஆர்டர் கிடையாது. நான் கெஞ்சலாம். ஆனால் எந்த வாயால் கெஞ்சுவது?

கேட்டில் எல்லோரும் இறங்கினார்கள். அவள் மட்டும் இறங்காமல் அழுதுகொண்டிருந்தாள். லீடரக்கா பின்னால் திரும்பி, "போய் பஞ்ச் பண்ணும்மா. ரெண்டு ஏழு" என்றார். அவள் ஓடினாள். "ஓடாத" என்றார்.

பிறகு பிளக்கை டேஷ்போர்டில் வைத்தார். "இது உள்ள வந்தா யார் தலையிலயாச்சும் விடியும். எங்கனா தூக்கிப் போட்டுடு."

"அப்ப உங்க மெமோக்கா?"

"அது இருக்கும்."

 கையெடுத்துக் கும்பிடப் போனேன். அவர் கையை விலக்கிவிட்டார்.

"அந்தப் பொண்ணு பயந்துச்சு. புரியுது. நீ எதுக்குப் பயந்த? நீ உள்ள வேல செய்யறவளும் இல்ல. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அவளக் காட்டிக் குடுத்திருப்பனா? ரெண்டு நாள் பெட்டியப் பிரிச்சிட்டு இதே சீட்ல வந்து ஒக்காந்தேன். எந்தப் பாவின்னு எங்கூட சேந்து நீயுந்தான திட்டுன?" கதவைத் திறந்தார். "நாளையிலருந்து நான் பஸ்ல வந்துக்கறேன்."

பாயிடம் அந்த ஞாயிறே போய், ஸ்டாண்டுக்காரர்கள் எல்லோரையும் வைத்துக்கொண்டு தப்பு என்னுடையது என்று சொன்னேன். டீ வாங்கிக் கொடுத்தார். வண்டி அதற்குப் பிறகு ஒரு சொட்டு ஒழுகவில்லை. அவளுக்கு ஆர்டர் வந்தது. வந்த அன்றே ஆபீசில் சொல்லிவிட்டாள். இப்போது பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருக்கிறாள். சூப்பர்வைசர் போஸ்ட் வேறு ஒருவருக்குப் போனது.

நான்தான் இன்னும் அதே ரோட்டில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். முன் சீட்டில் வேறு யாரும் உட்காருவதில்லை. நான் சொன்னாலும் பின்னால் நெருக்கிக்கொண்டு உட்காருகிறார்கள். மதிய ஷிஃப்ட் வாரத்தில் கெலமங்கலம் ஸ்டாப்பில் லீடரக்கா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்பார். நான் வேகத்தைக் குறைப்பேன். அவர் போனைப் பார்ப்பார். அவரைத் தாண்டாமல் கம்பெனிக்குப் போக எனக்கு வேறு வழி கிடையாது.

போன வாரம் நல்ல மழை. பஸ் வரவில்லை. அவர் நனைந்துகொண்டு நின்றார். வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்தேன்.

"எடம் இருக்குக்கா."

"தெரியும்" என்றார்.

அப்படியே நின்றார். பின்னால் பஸ் வந்து ஹாரன் அடித்ததும் கதவைச் சாத்திவிட்டு வண்டியை எடுத்தேன்.